‘செவப்பா என்னமோ வருதுங்க’: வேலையிடத்துக்கான ஸ்கிரீன்ஷாட் பாடம்

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, ஏற்காட்டில் இருந்து போன் வந்தது. காபிக்கொட்டையை வறுத்து அரைத்து வெளியூருக்கு அனுப்பும் ஓர் எஸ்டேட்டின் அலுவலகம் அது. பெங்களூருக்குப் போக வேண்டிய காபித்தூள் மூட்டைகள் வண்டியில் ஏறிவிட்டன. டிரைவர் காத்திருக்கிறார். இ-வே பில் மட்டும் வரவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்த பில் இல்லாமல் வண்டியைக் கிளப்ப முடியாது. மழையோ விடவில்லை. இருட்டுவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும்.

“மேடம், எரர் வருதுங்க.”

“என்ன எரர்ங்ணா?”

“செவப்பா என்னமோ வருதுங்க.”

நான் சேலத்தில், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி வியாபாரிகள், மலைமேல் இரண்டு மூன்று எஸ்டேட்டுகள் எங்கள் வாடிக்கையாளர்கள். ‘செவப்பா என்னமோ வருது’ என்பது நான் வாரத்துக்கு நாலு முறையாவது கேட்கும் வாக்கியம்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் படிக்கச் சொன்னேன். பெறுபவரின் ஜிஎஸ்டி எண் செல்லாது என்று சொல்லும் வரி. சரி, எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். 15 இலக்கங்களையும் நிதானமாகச் சொன்னார். எழுதிக்கொண்டு சரிபார்த்தேன். எண்ணில் ஒரு குறையும் இல்லை. மறுபடி அடிக்கச் சொன்னேன், மறுபடியும் சிவப்பு. வேறு பிரவுசரில் திறக்கச் சொன்னேன், கணினியை அணைத்துப் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரம் போய்விட்டது. கடைசியில், விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய அக்கா மகன் கீபோர்டில் ஏதோ அழுத்தி, அந்தத் திரையை அப்படியே படமாக்கி எனக்கு அனுப்பினான்.

ஜிஎஸ்டி எண்ணில் முதல் 2 இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த 10 இலக்கம் பான் எண். பான் எண்ணில் முதலில் 5 எழுத்து, பிறகு 4 எண், கடைசியில் ஓர் எழுத்து. படத்தில் அந்த 4 எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட உருண்டையாக, அகலமாக நின்றது. பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து ‘ஓ’. அண்ணன் எனக்கு வாசித்துக் காட்டியதெல்லாம் மேசையில் இருந்த பழைய பில்லைப் பார்த்து. திரையில் என்ன அடித்திருக்கிறோம் என்பதை அவர் பார்க்கவே இல்லை.

இதில் அவர் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. நாம் எல்லோருமே போனில் சொல்வது, நாம் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பதைத்தான். உண்மையில் செய்தது திரையில் இருக்கிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்றால் சேலம் ஊரே காலடியில் விரிந்து கிடக்கும், ராத்திரியில் விளக்குகள் அவ்வளவு அழகாகத் தெரியும். ஆனால் அந்த ஊருக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு மலைமேல் இருப்பவரின் திரை தெரியாது. அதைத் தெரியவைக்கும் வேலையைத்தான் ஸ்கிரீன்ஷாட், அதாவது திரையை அப்படியே படமாக்குவது, செய்கிறது. கணினிக்குப் புதிதாக வந்தவர்களும், பல வருடம் வேலை பார்த்தும் இதைப் பழகாதவர்களும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உடனே செய்து பார்க்கலாம்.

முதலில், நம் ஊர் அலுவலகங்களில் எல்லோரும் செய்யும் ஒன்றைப் பற்றிப் பேசிவிடுகிறேன். போனை எடுத்து மானிட்டரை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது. ஒன்றுமே அனுப்பாததற்கு அது மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி வரும் படத்தில் பாதி நேரம் டியூப்லைட்டின் வெளிச்சம் விழுந்திருக்கும். திரை சாய்ந்திருக்கும். நெளி நெளியாக வானவில் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் ஏன் வருகின்றன என்று பலருக்குக் கேள்வி இருக்கும். மானிட்டர் என்பது வரிசை வரிசையாக அடுக்கிய புள்ளிகள். போன் கேமராவுக்குள்ளும் அதே மாதிரி புள்ளி வரிசைகள்தான். இரண்டு வரிசைகளும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாதபோது நெளிவு தெரிகிறது. அம்மாப்பேட்டைத் தறிகளில் நெய்த மெல்லிய துணியை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மடிப்புக்கு நடுவே தண்ணீர் அலைபோல ஒன்று ஓடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

ஸ்கிரீன்ஷாட்டில் கேமராவே கிடையாது. திரையில் காட்டுவதற்காகக் கணினி தன் நினைவகத்தில் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் புள்ளிகளை அப்படியே பிரதி எடுக்கிறது. சாதாரண மானிட்டரில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் இருக்கும். பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. அவ்வளவும் ஒரு புள்ளி பிசகாமல் வரும். எழுத்துகள் கத்தியால் வெட்டினதுபோல் தெளிவாக இருக்கும்.

இதற்கான பொத்தான் கீபோர்டின் மேல் வரிசையில், வலது பக்கமாக இருக்கிறது. பெயர் பிரிண்ட் ஸ்கிரீன். இடம் போதாததால் பெரும்பாலும் அந்தப் பெயரைச் சுருக்கி நாலைந்து எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். படம் எடுக்கும் பொத்தானுக்கு ஏன் ‘பிரிண்ட்’ என்று பெயர்? 1981-ல் ஐபிஎம் நிறுவனத்தின் முதல் பர்சனல் கம்ப்யூட்டர் வந்தபோது, ஷிப்டோடு சேர்த்து இதை அழுத்தினால் திரையில் இருக்கும் எழுத்துகள் நேராகப் பிரிண்டருக்குப் போய்க் காகிதத்தில் விழும். விண்டோஸ் வந்த பிறகு வேலை மாறியது, பெயர் அப்படியே தங்கிவிட்டது.

இங்கேதான் புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுகிறார்கள். “அக்கா, அந்தப் பட்டனை அமுக்கினேன், ஒண்ணுமே ஆகலையே” என்பார்கள். ஆகியிருக்கும், கண்ணுக்குத்தான் தெரிந்திருக்காது. விண்டோஸ் 10 வரை உள்ள கணினிகளில், அந்தப் பொத்தானைத் தனியாக அழுத்தினால் முழுத் திரையின் படமும் கிளிப்போர்டு என்ற இடத்துக்குப் போகிறது. கிளிப்போர்டு என்பது கணினியின் உள்ளங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளை எடுத்துக் கையில் வைத்திருக்கிறோம், இன்னும் எங்கும் வைக்கவில்லை. வைப்பதற்குத்தான் கன்ட்ரோல் + வி. வாட்ஸ்அப் வெப்பில் ஒருவரின் உரையாடலைத் திறந்து கன்ட்ரோல் + வி அழுத்தினால் படம் அங்கே வந்து உட்காரும். மெயில் எழுதும் இடத்தில் அழுத்தினால் மெயிலுக்குள் வரும். வேர்டில் அழுத்தினால் பக்கத்துக்குள் வரும்.

கைக்குள் ஒன்றுதான் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். படம் எடுத்துவிட்டு, வைப்பதற்குள் வேறு எதையாவது காப்பி செய்தால் முதல் படம் போய்விட்டது. ஒன்றுக்கு மேற்பட்டதை வைத்திருக்க வேண்டும் என்றால் விண்டோஸ் + வி அழுத்துங்கள். முதல் முறை, இந்த வசதியை இயக்கட்டுமா என்று கேட்கும், ஆம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு காப்பி செய்தவற்றில் கடைசி 25 வரை அந்தப் பட்டியலில் இருக்கும், வேண்டியதைத் தொட்டு எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் வந்த வசதி இது. எங்கள் ஆபீஸிலேயே பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது.

இப்போது முக்கியமான ஷார்ட்கட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் + ஷிப்ட் + எஸ்.

கீபோர்டின் கீழ் வரிசையில் இடது பக்கம், ஜன்னல் படம் போட்ட பொத்தான்தான் விண்டோஸ். அதையும் ஷிப்டையும் பிடித்தபடி எஸ் எழுத்தைத் தட்டுங்கள். இடது கை ஒன்றே போதும், வலது கை மவுசை விட வேண்டியதில்லை. திரை லேசாக மங்கும். மேலே நடுவில் ஒரு சின்னப் பட்டை வரும். மவுசின் அம்பு, கூட்டல் குறியாக மாறும். படத்தில் வர வேண்டிய பகுதியின் ஒரு மூலையில் அழுத்தி எதிர் மூலை வரை இழுத்து விடுங்கள். அவ்வளவுதான், அந்தப் பகுதி மட்டும் கிளிப்போர்டுக்குப் போய்விட்டது. உடனே கன்ட்ரோல் + வி போட்டு அனுப்பலாம். இழுத்தது சரியில்லை என்றால் எஸ்கேப் அழுத்தி மறுபடி தொடங்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

எடுத்து முடித்ததும் திரையின் வலது கீழ் மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப்பார்க்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதைத் தொட்டால் படம் ஒரு தனி ஜன்னலில் திறக்கும். பேனாவால் வட்டம் போடலாம், ஓரங்களை இன்னும் வெட்டலாம், பெயர் வைத்துச் சேமிக்கலாம். இந்தக் கருவியின் பெயர் ஸ்னிப்பிங் டூல். விண்டோஸ் 11-ல் இப்போது பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தினாலே இது திறக்கும். அது பிடிக்கவில்லை என்றால் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) அணுகல்தன்மைப் (ஆக்சஸிபிலிட்டி) பிரிவில், கீபோர்டு பக்கத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீன். நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஜன்னலை மட்டும் எடுக்கும், பின்னால் திறந்திருப்பவை வராது. டேலி என்ற கணக்கு மென்பொருள் மட்டும் வேண்டும், பின்னால் இருக்கும் மெயில் வேண்டாம் என்றால் இழுத்து அளவெடுக்கும் வேலையே இல்லாமல் இது முடித்துவிடும். ஒரு நாளைக்கு இருபது முப்பது படம் எடுப்பவர்களுக்கு இதுதான் வேகமானது.

மூன்றாவது, விண்டோஸ் + பிரிண்ட் ஸ்கிரீன். இது முழுத் திரையையும் எடுத்து, பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் கோப்பாகவே சேமித்துவிடும். திரை ஒரு நொடி மங்கித் தெளிந்தால் சேமித்தாயிற்று என்று அர்த்தம். மலைமேல் இருப்பவர்களுக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். கிளிப்போர்டில் இருப்பது தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது, கரண்ட் போனால் போய்விடும். ஏற்காட்டில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் மரக்கிளை கம்பியில் விழுவதும் கரண்ட் போவதும் சகஜம். ரிட்டர்ன் தாக்கல் செய்து முடித்ததும் வரும் ஒப்புகை எண், வங்கியில் பணம் கட்டியதும் வரும் பரிவர்த்தனை எண் ஆகியவை திரையில் தோன்றிய அந்த நொடியே விண்டோஸ் + பிரிண்ட் ஸ்கிரீன் தட்டிவிடுங்கள். யுபிஎஸ் கைவிட்டாலும் கோப்பு டிஸ்க்கில் இருக்கும்.

சில மடிக்கணினிகளில் பிரிண்ட் ஸ்கிரீன், வேறு ஏதாவது ஒரு பொத்தானோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கும். அப்போது கீழ் வரிசையில் இருக்கும் எஃப்என் பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிரிண்ட் ஸ்கிரீனே இல்லாத கீபோர்டாக இருந்தால் கவலை வேண்டாம், விண்டோஸ் + ஷிப்ட் + எஸ் அதிலும் வேலை செய்யும்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: கமாண்ட் + ஷிப்ட் + 3 முழுத் திரை, கமாண்ட் + ஷிப்ட் + 4 இழுத்துத் தேர்ந்தெடுக்கும் பகுதி. 4 அழுத்திய பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு ஜன்னல் மட்டும். கமாண்ட் + ஷிப்ட் + 5 அழுத்தினால் எல்லாம் ஒரே பட்டையில் வரும். படம் டெஸ்க்டாப்பில் கோப்பாக விழும், கிளிப்போர்டுக்கு வேண்டும் என்றால் கன்ட்ரோலையும் சேர்த்துப் பிடியுங்கள். உபுண்டுவில், 22.04 பதிப்பில் இருந்து, பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்தினாலே தேர்ந்தெடுக்கும் கருவி திறக்கும்.

ஒரு சிக்கல் மட்டும் அடிக்கடி கேட்பார்கள். மெனுவைத் திறந்து வைத்துப் படம் எடுக்கப் போனால் மெனு மூடிக்கொள்கிறது. அதற்கு ஸ்னிப்பிங் டூலைத் திறந்து, தாமதம் (டிலே) என்ற இடத்தில் 3, 5, 10 நொடிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதுப் படத்துக்கான ‘நியூ’ பொத்தானை அழுத்திவிட்டு அந்த நேரத்துக்குள் மெனுவைத் திறந்து வையுங்கள். நேரம் முடிந்ததும் திரை அப்படியே உறையும்.

எடுக்கும் விதம் இவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். என்ன எடுப்பது, எதோடு சேர்த்து அனுப்புவது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஒரு படமும் ‘இது என்னன்னு பாருங்க’ என்ற ஒரு வரியும் தினமும் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். படத்தில் முழுத் திரையும் இருக்கும். எதைப் பார்ப்பது? இருபது கட்டங்கள், மூன்று அட்டவணைகள், பத்துப் பொத்தான்கள். அனுப்பியவருக்குப் பிரச்சினை எங்கே என்று தெரியும், அவர் கண் அங்கேயே நிற்கிறது. எனக்குத் தெரியாது. ஆக நான் திருப்பிக் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் அவர் சாப்பிடப் போயிருப்பார். படம் அனுப்பியும் வேலை நகரவில்லை.

ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் பெண் எனக்கு இப்படி அனுப்பினாள். டேலி ஜன்னலை மட்டும் எடுத்திருந்தாள். ஜிஎஸ்டி காட்டும் இடத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கட்டம். கீழே எழுதியிருந்தாள்: “அக்கா, பில் 118 போட்டேன். வெள்ளிக்கு 3 சதவீதம் வரணும், 5 காட்டுது. எங்கே மாத்தணும்?” என்ன செய்தாள், என்ன வரும் என்று எதிர்பார்த்தாள், என்ன வந்தது, என்னிடம் என்ன வேண்டும், நாலும் இருக்கிறது. படத்தைப் பார்த்தேன். விற்பனை லெட்ஜருக்குப் பதிலாகச் செய்கூலி லெட்ஜரை எடுத்திருந்தாள், கூலிக்குத்தான் 5 சதவீதம். ஒரு வரியில் பதில் போட்டேன். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. எதிரே இருப்பவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை என்ற நினைப்பு இருந்தால் போதும்.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பிழைச் செய்தி மட்டும் இருந்தால் போதாது, அந்தப் பிழைக்குக் காரணமான கட்டமும் படத்தில் இருக்க வேண்டும். எஸ்டேட் அண்ணன் சிவப்பு வரியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால் அந்த ‘ஓ’ எனக்குத் தெரிந்தே இருக்காது. அடித்ததும் தெரிய வேண்டும், வந்ததும் தெரிய வேண்டும். இணையதளமாக இருந்தால் மேலே உள்ள முகவரிப் பட்டையும் வந்தால் நல்லது. எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பது அதில் இருக்கிறது. தவறான தளத்தில் போய் நிற்பவர்களை நான் இரண்டு முறை இப்படிக் கண்டுபிடித்துத் திருப்பியிருக்கிறேன்.

படத்தை அனுப்பக் கூடாத இடங்களும் உண்டு. இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஒரு முறை ஒருவர் எக்செல்லில் இருந்த சரக்கிருப்புப் பட்டியலை, அறுபது வரி இருக்கும், படமாக எடுத்து அனுப்பிவிட்டார். கிராம் கணக்கில் எடைகள், புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். ஓர் இடத்தில் 3-க்குப் பதில் 8 விழுந்துவிட்டது, அதைத் தேடுவதற்கு ஒரு சாயங்காலம் போயிற்று. எண்களும் பெயர்களும் கணக்குக்குப் போக வேண்டியவையாக இருந்தால் கோப்பையே அனுப்புங்கள். ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண், ஒப்புகை எண் போன்றவற்றைப் படத்தோடு எழுத்தாகவும் அடித்து அனுப்புங்கள். எதிரே இருப்பவர் காப்பி செய்து ஒட்டிக்கொள்வார். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் எழுத்து கிடைக்கும், படத்துக்குள் இருப்பதை எல்லாத் தேடலும் கண்டுபிடிக்காது. பார்வை இல்லாத சக ஊழியர் திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிறார் என்றால், பக்கத்தில் எழுத்து இருந்தால்தான் அவர் வேலையை அவரே பார்க்க முடியும்.

வேறு யாராவது உங்களுக்குப் படமாக அனுப்பிவிட்டார்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலில், படத்தில் இருக்கும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் பிரித்தெடுக்கும் வசதி வந்திருக்கிறது. நன்றாகவே எடுக்கிறது. ஆனால் எடுத்த எண்களை ஒரு முறை கண்ணால் சரிபார்க்காமல் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

மறைக்க வேண்டியதை மறைப்பது பற்றி ஒவ்வொரு புதுப் பணியாளரிடமும் முதல் நாளே சொல்வேன். முழுத் திரையை எடுக்கும்போது நாம் பார்க்காததெல்லாம் உள்ளே வந்துவிடும். பிரவுசரின் மேல் வரிசையில் இன்னொரு வாடிக்கையாளரின் பெயர், மூலையில் வந்து நிற்கும் வாட்ஸ்அப் அறிவிப்பு, பின்னால் திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தில் இருப்புத் தொகை, சில நேரம் ஓடிபி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையின் கணக்கு அடுத்த பட்டறைக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. வேண்டிய பகுதியை மட்டும் இழுத்து எடுத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும். அனுப்பும் முன் படத்தின் நாலு மூலைகளையும் ஒரு முறை பாருங்கள், மிச்சமும் தீரும்.

நடுவில் இருக்கும் ஓர் எண்ணை மறைக்க வேண்டும் என்றால் அதன் மேல் முழுக் கறுப்பில் ஒரு கட்டத்தை வையுங்கள். ஹைலைட்டர் பேனாவால் நாலு முறை தேய்ப்பது மறைப்பதாகாது. அந்த மை ஊடுருவித் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது எழுந்துவரும். கட்டம் கட்டமாகக் கலைத்துவிடுவதையும் நம்ப வேண்டாம். எண்கள் பத்துதான் என்பதால் கலங்கலில் இருந்து ஊகித்துவிட முடியும்.

வெட்டிவிட்டோம், போய்விட்டது என்று நம்பியவர்களுக்கு 2023 மார்ச்சில் ஓர் அதிர்ச்சி கிடைத்தது. கூகுள் பிக்சல் போனில் படத்தை வெட்டும் கருவியில், வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டே இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. சில நாட்களில் விண்டோஸின் ஸ்னிப்பிங் டூலிலும் அதே ஓட்டை இருப்பது தெரிந்தது. ஒரு படத்தைத் திறந்து, வெட்டி, அதே பெயரில் சேமித்தால், புதுப் படம் சின்னது என்பதால் பழைய பெரிய படத்தின் மிச்சம் பின்னால் நிற்கும். தெரிந்தவர்கள் அதை மீட்டெடுக்கலாம். இரண்டு நிறுவனங்களும் உடனே சரிசெய்துவிட்டன. அதனால் கணினியில் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். முழுதாக எடுத்துவிட்டு வெட்டுவதைவிட முதலிலேயே வேண்டியதை மட்டும் எடுப்பது நல்லது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இது ஒரு காரணம்.

லீ பஜார் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. யாராவது ‘பணம் போட்டாச்சு’ என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அது படம், பணம் ஆகாது. தொகையையும் பெயரையும் மாற்றி அப்படியொரு படத்தைத் தயாரிப்பது சிரமமே இல்லை. யுபிஐயில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஒன்று வரும், அதை எழுத்தாகக் கேட்டு வாங்கி, உங்கள் வங்கிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு சரக்கை இறக்குங்கள்.

அனுப்பும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் பிஎன்ஜி என்ற வகையில் சேமிக்கப்படும். அது ஒரு புள்ளியையும் கெடுக்காது. போட்டோவுக்குப் பயன்படும் ஜேபிஜி, அளவைக் குறைப்பதற்காக நுணுக்கங்களைக் கரைத்துவிடும். முகத்திலும் மலையிலும் அது தெரியாது, ஆனால் சின்ன எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதுவும் படத்தைச் சுருக்கும். பொடி எழுத்துகள் நிறைந்த படம் என்றால் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அசல் அப்படியே போகும். மலையில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று தடுமாறும்போது வெட்டி எடுத்த சின்னப் படம் சட்டென்று போய்ச் சேரும். மானிட்டரைப் போனில் பிடித்த போட்டோ சுற்றிக்கொண்டே நிற்கும்.

படத்தில் சொல்ல முடியாத பிரச்சினையும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் ஒரு நொடி வந்து மறைகிறது என்றால் எந்த நொடியைப் படமெடுப்பது? விண்டோஸ் 11-ல் விண்டோஸ் + ஷிப்ட் + ஆர் அழுத்தினால் திரையில் நடப்பதை வீடியோவாகப் பதிவு செய்யலாம். பத்து நொடிப் பதிவு போதும். அதற்கு மேல் நீளமாக வந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது.

எஸ்டேட் அண்ணனுக்கு அவர் அக்கா மகன் விண்டோஸ் + ஷிப்ட் + எஸ் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கல்லூரிக்குத் திரும்பினான். ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியும் வைத்திருந்தானாம். நானும் போனிலேயே சிவப்புக் கட்டம் போடுவதையும் ஒரு வரி எழுதுவதையும் சொன்னேன். முதல் சில வாரம் முழுத் திரையாகத்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு மெல்ல மெல்லப் படம் சிறுத்தது, கூடவே எழுத்தும் வர ஆரம்பித்தது.

சென்ற வாரம் மதியம் ஒரு படம் வந்தது. இ-வே பில் பக்கத்தில் வண்டி போக வேண்டிய தூரத்தை எழுதும் இடம், அதற்குப் பக்கத்தில் பிழைச் செய்தி, இரண்டையும் சுற்றிக் கோணல்மாணலாக ஒரு சிவப்புக் கட்டம். “மேடம், தூரம் 230 கிலோமீட்டர்னு போட்டேன். ரெண்டு பின்கோடுக்கும் தூரம் ஜாஸ்தின்னு காட்டுது. 4 மணிக்கு வண்டி கிளம்பணும்.” நான் படத்தைத் திறந்து பெரிதாக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி வந்து விழுந்தது.

“வேண்டாங்க மேடம். 2300-ன்னு அடிச்சிருக்கேன். கட்டம் போடும்போதே கண்ணுல பட்டிருக்கணும், அனுப்பினப்புறம் பார்த்தேன். மாத்திட்டேன், பில் வந்துடுச்சுங்க.”